ஏலத்திற்கு வந்த கடிதங்கள்

பொன்னும் மணியும் ஏலத்திற்கு வருதல் புதுமையன்று. ஒருவர் தம் நண்பர்க்கு எழுதிய கடிதங்கள் ஏலத்திற்கு வந்ததையும், அவற்றை ஓர் அரசாங்கமே விலை கொடுத்து மீட்டதையும் நாம் அறிதல் வேண்டும். அவ்வரலாற்றில் தமிழர்க்கும் பங்குண்டு.

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் கட்டடக் கலைஞராய் விளங்கியவர் ஹெர்மன் காலன்பாக் என்னும் யூதப் பெருந்தகை. சத்தியாக்கிரகம் செய்து சிறை சென்றோரின் குடும்பங்கள் தங்கி வாழ்தற்பொருட்டு, 1910ஆம் ஆண்டில் தமது 1,100 ஏக்கர் நிலத்தை வாடகையின்றிக் காந்தியாரிடம் அவர் ஒப்புவித்தார். அதுவே டால்ஸ்டாய் பண்ணை. அங்கு வாழ்ந்தோருள் தமிழரும் இருந்தனர். கப்பற் பயணத்திலும் சிறையிலும் போப்பையரின் நூலைக்கொண்டு தாம் பயின்ற சிறிது தமிழை வைத்தே, காந்தியார் தமிழ்ப் பிள்ளைகட்குப் பாடஞ் சொன்னார். காலன்பாக்கோ செருப்புத் தைக்கக் கற்றுவந்து பிறர்க்கும் கற்பித்தார்.

1914இல் காந்தியார் தென்னாப்பிரிக்காவை விட்டு நீங்கினார். உடன் புறப்பட்ட காலன்பாக், ஜெர்மன் குடியுரிமை உடையவராதலால், போர்க்காலத்தில் ஆங்கில அரசால் காவலில் வைக்கப்பட்டார். நண்பர் இருவரும் பிரிந்தனர். கடிதங்களே அவர்களை இணைத்தன. காலன்பாக் தொடக்க நாட்களில் எழுதியவற்றை, அவர் விருப்பம் அதுவே எனக் கருதிக் காந்தியார் அழித்துவிட்டார். காந்தியார் எழுதியவற்றையோ காலன்பாக் 1945இல் மறையுந்துணையும் போற்றி வைத்திருந்தார். பின்னர் அவை உறவினர் கைக்குச் சென்றன.

2012ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அக்கடிதங்களும் படங்களும் பிற ஆவணங்களும் இலண்டன் மாநகரத்துச் சாத்பீஸ் ஏல நிலையத்தில் விற்பனைக்கு வரவிருந்தன. ஐந்து முதல் ஏழு இலட்சம் பவுன் வரை பெறும் என நிலையத்தார் மதிப்பிட்டனர். ஏலத்தின் இயல்பு யாவரும் அறிந்ததே: மிகுதியாகக் கேட்பவனுக்கே பொருள் உரியதாகும். வாங்கியவன் நூல்நிலையத்திற்கு அளிப்பினும் அளிக்கலாம். இரும்புப் பெட்டியில் இட்டுப் பூட்டினும் பூட்டலாம். 2009இல் நியூயார்க்கு நகரில் காந்தியாரின் மூக்குக் கண்ணாடியும் செருப்பும் கடிகாரமும் ஏலமிடப்பட்டபோது, 18 இலட்சம் டாலர் தந்து தனி வணிகர் ஒருவரே அவற்றைக் கொண்டார். அவ்வாறு மீண்டும் நேராவண்ணம், ஏல நாளுக்கு முன்னரே இந்திய அரசாங்கம் உரியவரோடு பேசிக் கடிதத் தொகுதி முழுவதையும் வாங்கிற்று. விலை ஏறத்தாழ ஏழு இலட்சம் பவுன் எனச் செய்தித்தாள்கள் கூறின. டில்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அவை சேர்ந்தன.

பெரியோர் கையெழுத்துக்கு விலை உண்டு. ஆகவே மீட்பாரும் உண்டு. அப்பண்ணையில் ஏர் பிடித்த எளியோரின் கடிதத்தை எந்த ஏலக்காரன் கூவி விற்பான்? நம் பாட்டனார் கப்பலேறிய நாளில் பெற்ற சீட்டும், ஊரிலிருந்து பாட்டியார் எழுதுவித்து அனுப்பிய கடிதமும் சந்தையில் ஒரு காசும் பெறா. எனினும் இந்நாட்டில் நாம் பட்ட பாட்டுக்கு அவையே சான்று. கறையான் தின்னுமுன் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஏலக்காரன் விலை கூறாதவற்றை நாம் காவாவிடின், வேறு யார் காப்பார்?