விளையாட்டுக்கு விழுந்த இலக்கம்

அமெரிக்காவின் ஆஸ்பத்திரிகள் மெடிகேர் என்னும் சர்க்கார் காப்பீட்டுத் திட்டத்துக்கு அனுப்பும் பில்களில் ஜி0176 என்றோர் இலக்கம் உண்டு. மனோவியாதியால் முடங்கிப்போனவர்களுக்குச் சங்கீதம், நடனம், சித்திரம், விளையாட்டு ஆகியவற்றின் வாயிலாக ஒரு தடவைக்கு 45 நிமிஷத்துக்குக் குறையாமல் அளிக்கப்படும் சிகிச்சையைக் குறிப்பது அது. அதன் விவரணத்தின் நடுவே, இவையெல்லாம் பொழுதுபோக்கின் பொருட்டு நடந்தவையாக இருக்கலாகாது என்று ஒரு சின்ன நிபந்தனையைச் செருகி வைத்திருக்கிறார்கள். ஆட்டம் இருக்கலாம், பாட்டும் இருக்கலாம். ஆனால் ஆட்டம் ஆட்டமாகவும் பாட்டு பாட்டாகவும் இருந்துவிடக் கூடாது! சமையற்காரரிடம் போய், ருசிக்காக அல்லாத சாப்பாடு போடும்படி கேட்பது போலத்தான் இது எனக்குப் படுகிறது. விளையாட்டையும் பொழுதுபோக்கையும் கொண்டு சிகிச்சை செய்வதாய், ரெக்ரியேஷனல் தெரபி என்று அந்நாட்டில் வழங்கும் தொழிலின் சென்ற அறுபது வருஷச் சரித்திரம், பெரும்பாலும் இந்த நிபந்தனையோடு நடந்த வழக்கின் சரித்திரமே.

ரெக்ரியேஷன் என்ற சொல்லுக்கு மூலமான லத்தீன் பதத்துக்கு, மறுபடி உண்டாக்குதல், களைத்ததைப் புதுப்பித்தல் என்று அர்த்தம். நாம் அதைப் பொழுதுபோக்கு என்று மொழிபெயர்த்து, பொழுதைத் தொலைக்கிற காரியமாக ஆக்கிவிட்டோம். தமிழ் அறியாத அமெரிக்கக் கணக்கர்களும் நம்முடைய அர்த்தத்தையே பிடித்துக்கொண்டார்கள் என்பதுதான் வேடிக்கை.

வைத்தியம் செய்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் ஆதியில் இருந்ததில்லை. இங்கிலாந்தில் யார்க் நகரத்தில் வில்லியம் ட்யூக் 1796-ஆம் வருஷத்தில் திறந்த மனோவியாதி இல்லத்தில், விலங்கும் சாட்டையும் விலக்கப்பட்டு, அவற்றின் ஸ்தானத்தில் தோட்டமும் நடையும் கைவேலையும் வந்தன. முற்றங்களில் முயல்களும் கோழிகளும் கடற்புறாக்களும் விடப்பட்டிருந்தன, நோயாளிகள் அவற்றோடு பழகட்டும் என்று. நெடுநாள் படுக்கையில் கிடப்பவருக்கு ஒரு சிறு வளர்ப்புப் பிராணி நல்ல துணை என்று நர்ஸ் தொழிலுக்கு இலக்கணம் வகுத்த ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் எழுதியதும் இந்த மரபில்தான். அமெரிக்காவில் பிலடெல்பியாவின் பெஞ்சமின் ரஷ், சித்தம் கலங்கியவர்களுக்கு வேலையும் விளையாட்டும் வேண்டும் என்று வாதாடினார். பிற்பாடு சிகாகோவில், ஜேன் ஆடம்ஸ் 1889-இல் தோற்றுவித்த ஹல் ஹவுஸ் என்னும் சமூக நிலையத்தில், நேவா பாய்ட் என்ற அம்மையார் 1920-களில் விளையாட்டுக்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளி நடத்தினார். அவர் கண்ட முறைகள் பிறகு இல்லினாய் ராஜ்யத்தின் மனோவியாதி ஆஸ்பத்திரிகளுக்குள்ளும் புகுந்தன. இரண்டு உலக யுத்தங்களும் காயம்பட்ட சிப்பாய்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுவந்து சேர்த்தபோது, செஞ்சிலுவைச் சங்கமும் போர்வீரர் ஆஸ்பத்திரிகளும் பந்தையும் சீட்டுக்கட்டையும் மருந்துப் புட்டிகளுக்கு அடுத்தபடியாக வைத்தன. கான்ஸஸ் ராஜ்யத்தில் மெனிஞ்சர் குடும்பத்து வைத்தியர்கள் விளையாட்டை மனோவைத்தியத்தின் அங்கமாகவே பேசினார்கள்.

அக்காலத்தில் இதற்கெல்லாம் யார் பணம் கொடுத்தார்கள் என்று கேட்டால், தனியாக யாரும் கொடுக்கவில்லை என்பதே பதில். ராஜ்ய ஆஸ்பத்திரிக்கு வருஷாந்தர மானியம் வரும்; அதில் விளையாட்டு ஆசிரியையின் சம்பளமும் அடங்கும். இன்னின்ன நோயாளிக்கு இத்தனை நிமிஷம் என்று கணக்கு எழுத வேண்டிய அவசியமே எழவில்லை. கணக்கு கேட்கப்படாத இடத்தில் கணக்கு எழுதும் பழக்கமும் வளர்வதில்லை. அந்த நிம்மதியே பின்னால் வினையாயிற்று.

1966-ஆம் வருஷத்தில் மூன்று காரியங்கள் ஒன்றாக நடந்தன. முந்தின வருஷம் ஜனாதிபதி ஜான்ஸன் கையெழுத்திட்ட மெடிகேர் திட்டம் ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்தது. அமெரிக்க வைத்திய சங்கம் ஒவ்வொரு வைத்தியக் காரியத்துக்கும் ஓர் இலக்கம் கொடுக்கும் சிபிடி என்ற அகராதியின் முதற்பதிப்பை வெளியிட்டது. சிகிச்சைப் பொழுதுபோக்குக்கான தேசிய சங்கம், பூங்காக்களையும் விளையாட்டு மைதானங்களையும் நிர்வகிப்போரின் மகா சங்கத்துக்கு ஒரு கிளையாகப் பிறந்தது. பணம் ஒரு வழியிலும், பணத்துக்குரிய பாஷை இன்னொரு வழியிலும் உருவாகிக்கொண்டிருந்த வேளையில், இந்தத் தொழில் பூங்கா மேற்பார்வையாளர்களோடு போய் உட்கார்ந்துகொண்டதை நான் ஒரு பிழையாகவே கருதுகிறேன். 1970-இல் சிபிடி இலக்கங்கள் ஐந்து ஸ்தானம் உடையவையாயின. 1983-இல் மெடிகேர் அவற்றைத் தன் கணக்குப் பாஷையாக ஏற்றுக்கொண்டது. அதற்கு அடுத்த வருஷமே, ஆஸ்பத்திரியில் வேலை செய்த தெரபிஸ்டுகள் தங்களுக்கென்று அமெரிக்கச் சிகிச்சைப் பொழுதுபோக்குச் சங்கத்தை ஸ்தாபித்துக்கொண்டார்கள். தகுதிச் சான்று வழங்கும் சபை 1981-இலேயே தோன்றியிருந்தது.

இலக்கமே கிடைக்கவில்லை என்று சொல்வதற்கில்லை. 1979 முதல் 2015 வரை ஆஸ்பத்திரிகள் வியாதிகளுக்கும் சிகிச்சைகளுக்கும் இலக்கமிடக் கையாண்ட ஐசிடி-9 என்ற பட்டியலில் 93.81 என்பது இச்சிகிச்சைக்கே உரியதாயிருந்தது. ஆஸ்பத்திரி பில் படிவத்தில் 0941 என்ற வருமானத் தலைப்பும் உண்டு. ஆனால் உள்நோயாளிக்குச் செய்வதெல்லாம் தினக் கட்டணத்துக்குள்ளோ மொத்தக் கட்டணத்துக்குள்ளோ அடங்கிவிடுவதால், இந்த இலக்கங்களால் பெட்டியில் தனிக்காசு விழுவது அரிது. பெயர் மாத்திரம் ஏட்டில் ஏறிற்று. எனவே தெரபிஸ்டுகள் சிலர் சிபிடி அகராதியில் தொழிற்பெயர் ஒட்டாத பொது இலக்கங்களின் பக்கம் திரும்பினார்கள்: ஒருவருக்கு ஒருவராக நின்று செய்விக்கும் சிகிச்சைச் செயல்களுக்கு 97530, குழுவாகச் செய்வதற்கு 97150, ஊரோடும் வேலையோடும் மீண்டும் ஒட்டவைக்கும் பயிற்சிக்கு 97537. இவற்றுள் முதலாவதும் மூன்றாவதும் 15 நிமிஷத்தை ஓர் அலகாகக் கொண்டவை. மெடிகேரின் விதிப்படி எட்டு நிமிஷம் நிரம்பாவிட்டால் ஓர் அலகும் இல்லை. எட்டு முதல் இருபத்திரண்டு வரை ஒன்று.

இது தொழிலை எப்படி மாற்றியது என்பதைக் கிட்ட நின்று பார்க்கலாம். பக்கவாதத்தால் வலப்பக்கம் தளர்ந்த ஒரு விவசாயி, இடுப்பளவு மேஜையின் முன் நின்று தக்காளி நாற்றைத் தொட்டிக்கு மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய குறிப்பேட்டில், தோட்ட வேலையில் கலந்துகொண்டார், சந்தோஷமாக இருந்தார் என்ற இரண்டு வாக்கியங்களோடு விஷயம் முடிந்திருக்கும். 97530 என்று எழுத வேண்டுமானால் அது போதாது. இடக்கையால் மட்டும் மேஜையைப் பற்றி 14 நிமிஷம் நின்றார். சென்ற வாரம் ஆறு நிமிஷமே நிற்க முடிந்தது. வலக்கையால் மண்ணை அள்ள இருமுறை நினைவூட்ட வேண்டியிருந்தது. தம் வீட்டுச் சமையலறையில் 20 நிமிஷம் நின்று வேலை செய்வது குறிக்கோள் என்று எழுதியாக வேண்டும். நாற்று அதே நாற்றுதான், தொட்டியும் அதே தொட்டிதான். ஆனால் இரண்டாவது குறிப்பைப் படிக்கும் வைத்தியர், அங்கே ஒரு சிகிச்சை நடந்தது என்பதை மறுக்க முடியாது. முதற் குறிப்பைப் படிக்கிற கணக்கரோ, மாலைப்பொழுது இனிதே கழிந்தது என்று மடித்து வைத்துவிடுவார். பணம் வந்ததோ இல்லையோ, இலக்கம் இத்தொழிலுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தது. அந்த மட்டில் அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

எழுதினாலும் எண்ணப்படாத இடங்கள் இருந்தன. முதியோர் பராமரிப்பு இல்லங்கள் பூர்த்தி செய்யும் மதிப்பீட்டுப் படிவத்தில் இச்சிகிச்சையின் நாட்களையும் நிமிஷங்களையும் எழுத இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஆயினும் 1998-க்குப் பின் அவ்வில்லங்களின் கட்டணத்தை நிர்ணயித்தபோது, உடற்பயிற்சிச் சிகிச்சை, தொழில்வழிச் சிகிச்சை, பேச்சுச் சிகிச்சை ஆகிய மூன்றின் நிமிஷங்களையே கூட்டினார்கள். மறுவாழ்வு ஆஸ்பத்திரிகளின் கதை இன்னும் கசப்பானது. அங்கே சேர்க்கப்படும் நோயாளிக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரத் தீவிர சிகிச்சை தேவை என்பது வழக்கு. நோயாளிக்கு வேண்டுமென்று வைத்தியர் கருதினால், விளையாட்டுச் சிகிச்சையும் அந்த மூன்று மணிக்குள் சேர்ந்துவந்தது. 2010 ஜனவரி முதல் அமலான விதி அந்தச் சலுகையை எடுத்துவிட்டது. தெரபிஸ்டுகள் வேலையைச் செய்யத் தடையில்லை. மூன்று மணிக்கு வெளியே செய்யலாம். ஏற்கெனவே களைத்துப்போன நோயாளிக்கு நான்காம் மணி எங்கிருந்து வரும்?

இதைத் திருத்தக் கோரும் மசோதா அமெரிக்கக் காங்கிரஸில் பல தடவை கொண்டுவரப்பட்டும் நிறைவேறாமல் போயிற்று. பொழுதுபோக்கு அல்லாத என்ற நிபந்தனை ஜி0176-இன் விவரணத்தில் நீங்காமல் நிற்கிறது. 0941 என்ற தலைப்பும் ஆஸ்பத்திரி பில்லில் இருக்கிறது. அதற்கு நேரே தொகை விழுமா என்பது காப்பீடு கொடுப்பவரைப் பொறுத்தது.