விலைச்சீட்டில் இல்லாத விலை

என்னிடம் பொருளியல் பயின்ற மாணவர் ஒருவர் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கிரீன் கார்டு பெற்றுக் குடும்பத்துடன் வசிக்கிறார். பக்கத்துத் தெருவில் நடந்த வழிப்பறிக்குப் பிறகு, ஆடைக்குள் மறைத்து எடுத்துச் செல்லக் கைத்துப்பாக்கி வாங்க எண்ணுவதாக எழுதியிருந்தார். 'செலவையும் பயனையும் கணக்கிட்டுச் சொல்லுங்கள் ஐயா' என்பது அவரது வேண்டுகோள்.

சட்டம் அவருக்குத் தடையாக இல்லை. பொது இடத்தில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது அரசமைப்பு உரிமை என 2022 ஜூனில் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல், சட்டத்தடை இல்லாத 21 வயது நிரம்பியவர்களுக்கு அதற்கு உரிமமும் தேவையில்லை. எச்1பி விசாவில் இருப்போருக்கு நிலைமை வேறு. வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, அவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டரசுச் சட்டப்படி குற்றம்.

இனி, தேர்வு. ரிவால்வர் எளிமையானது, ஆனால் சிறிய வகைகளில் பெரும்பாலும் ஐந்து தோட்டாக்களே கொள்ளும், விசையை அழுத்த வலிமையும் வேண்டும். 9 மி.மீ. பிஸ்டல் கூடுதல் தோட்டாக்கள் கொள்ளும். ஆனால் அதை இயக்கப் பழக்கம் தேவை. மிகச் சிறியதே மறைக்க எளிது என்று புதியவர்கள் எண்ணுகின்றனர். எடை குறையக் குறையப் பின்னுதைப்பு கையை அதிகம் தாக்கும். அதற்கு அஞ்சுபவர் பயிற்சியைக் கைவிடுவார். எனவே, பயிற்சிக்கூடத்தில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்து, கைக்குப் பொருந்துவதைத் தேர்வதே முறை. விசையை முழுவதும் மூடும் உறுதியான உறையும் இன்றியமையாதது.

துப்பாக்கியின் விலை ஒருமுறைச் செலவு. தோட்டா, பயிற்சி ஆகியவை தொடர்செலவு. இவற்றை எவரும் கணக்கிடலாம். விலைச்சீட்டில் இடம்பெறாத செலவு ஒன்று உண்டு.

2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தோர் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டுக் கொண்டவர்கள். வெளியிலிருந்து வரும் கள்வனை எண்ணி வாங்கும் கருவி, வீட்டுக்குள் இருப்பவரின் ஒரு நிமிட மனச்சோர்வுக்கும் எட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதே இதன் பொருள். மாணவரின் மகனுக்கு வயது பதினான்கு.

தேர்வு வரிசையை மாற்றிக் கொள்ளுமாறு பதில் எழுதினேன். முதலில் பிறர் திறக்க முடியாத இரும்புப் பெட்டகம். அடுத்து முறையான பயிற்சி. அதன்பிறகும் தேவை என்று தோன்றினால் மட்டுமே துப்பாக்கி. முதலிரண்டுக்கும் செலவிட மனம் வராதவருக்கு மூன்றாவது எந்த விலையிலும் மலிவானதல்ல.