மனஉளைச்சலை அளக்கும் வினாத்தாள்: தமிழில் எழுதினால் மட்டும் போதுமா?

மருத்துவமனையிலும் கல்லூரியிலும் இப்போது ஒரு தாளை நீட்டுகிறார்கள். கவலையால் தூக்கம் கெடுகிறதா, முடிவெடுக்க முடிகிறதா என்பது போன்ற 12 கேள்விகள் அதில் இருக்கும். ஜிஎச்க்யூ-12 எனப்படும் பொது உடல்நல வினாத்தாள் அது. பிரிட்டனைச் சேர்ந்த மனநல மருத்துவர் டேவிட் கோல்ட்பர்க் 1972இல் 60 கேள்விகளுடன் வெளியிட்டதன் சுருங்கிய வடிவம். நோயின் பெயரை அது சொல்லாது. மனஉளைச்சல் இருக்கக்கூடும், விசாரியுங்கள் என்று மட்டும் காட்டும்.

இதைத் தமிழாக்கும்போது ஒருவர் மொழிபெயர்ப்பார். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவார். இரண்டையும் ஒப்பிடுவார்கள். நல்ல முறைதான், ஆனாலும் ஏமாற்றும். கெஸ்லரின் 10 கேள்வி வினாத்தாளில் 'நெர்வஸ்' என்றொரு சொல் வருகிறது. அதை 'நரம்புத் தளர்ச்சி' என்று எழுதினால், திரும்ப மொழிபெயர்ப்பவர் ஆங்கிலம் தெரிந்தவர் என்பதால் மூலச் சொல்லை ஊகித்து 'நெர்வஸ்' என்றே போட்டுவிடுவார். பதில் சொல்லும் அம்மாவோ சுவர் விளம்பரத்தில் பார்த்த வைத்தியத்தை நினைத்து, "அதெல்லாம் இல்லை" என்பார். ஆகவே சாதாரண மக்களிடம் வாசித்துக் காட்டி, "இதில் உங்களுக்கு என்ன புரிந்தது?" என்று கேட்க வேண்டும். அரபு கிதாபை வார்த்தைக்கு வார்த்தை தமிழாக்கிப் பார்த்த நமக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல.

இதைவிடப் பெரிய சிக்கல் 'வழக்கம் போல' என்ற விடையில் இருக்கிறது. ஜிஎச்க்யூவில் அதற்கு மதிப்பெண் 0. பத்து வருடமாகத் தூக்கமில்லாமல் கிடப்பவருக்கு அதுவே வழக்கமாகிவிட்டது. அவர் உண்மையைத்தான் சொல்கிறார், தாள் அவரை நலமானவர் என்கிறது! எதிர்மறைக் கேள்விகளில் அந்த விடைக்கும் 1 தரலாம் என்று 1985இல் ஒரு மாற்று முறை முன்வைக்கப்பட்டது.

நம் வீடுகளில் இன்னொன்றும் உண்டு. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் "அல்ஹம்துலில்லாஹ்" என்பது வாயில் தானாக வரும். மாமியார் பக்கத்தில் இருக்க மருமகள் வேறென்ன சொல்வாள்? தனியாக வைத்துக் கேட்காத பதிலை நம்ப முடியாது.

தமிழ் ஜிஎச்க்யூ-12ஐ வேலூர் ஆய்வாளர்கள் பரிசோதித்து 1999இல் வெளியிட்டார்கள். இத்தகைய சோதனையில் வினாத்தாள் தரும் முடிவை, முறைப்படி நடத்திய மனநல நேர்காணலின் முடிவோடு ஒப்பிடுவார்கள். ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். 100 பேரில் 20 பேருக்கு உண்மையில் உளைச்சல்; தாள் அவர்களில் 17 பேரைப் பிடிக்கிறது. மீதி 80 பேரில் 64 பேரைச் சரியாக விட்டுவிட்டு, 16 பேரைத் தவறாகப் பிடிக்கிறது. ஆக, பிடிபட்ட 33 பேரில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஒன்றுமில்லை. மதிப்பெண் கூடிவிட்டது என்பதற்காக வீட்டில் யாரையும் 'மனநோயாளி' என்று சொல்லிவிடக் கூடாது.

எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் கவனிக்க வேண்டும் என்ற எல்லையும் ஊருக்கு ஊர் மாறும். உலக சுகாதார நிறுவனத்தின் 15 மைய ஆய்வை வைத்து 1997இல் கோல்ட்பர்க் குழுவினர் எழுதியதில் இது தெரிந்தது. பெங்களூரும் அதில் ஒரு மையம். எனவே வாட்ஸ்அப்பில் வரும் தாளை நிரப்புமுன், அது தமிழில் பரிசோதிக்கப்பட்டதா, எல்லை எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று கேளுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். 12 கேள்விகளில் தற்கொலை எண்ணம் பற்றி ஒன்றுமில்லை. அது 28 கேள்வி வடிவத்தில் வருகிறது. வீட்டில் ஒருவர் வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னால், தாளில் அவருக்கு 0 வந்திருந்தாலும், அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.