தையற்காரர் என்றொரு குடும்பப் பெயர்

காட்டுமன்னார்கோயில் கடைவீதியில் தைத்துக்கொண்டிருப்பவரிடம், “உங்கள் தொழிலின் பெயரே ஜெர்மனியில் குடும்பப் பெயர்” என்றால் வியப்படைவார். அப்பெயர் கொண்ட ஒருவர் நம் கடலூரிலேயே வாழ்ந்தார். அவர்தாம் சர்தோரியஸ் பாதிரியார். 1737இல் அங்கே சமயப்பணி தொடங்கிய அவர், மறு ஆண்டே காலமானார்.

இலத்தீன் மொழியில் ‘சர்தோர்’ என்றால் தைப்பவர். ஜெர்மன் மொழியில் அவர் ‘ஷ்னைடர்’. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஜெர்மானியக் கற்றோர் பலர் தம் பெயரை இலத்தீனாக்கிக்கொண்டனர். ஷ்னைடர் சர்தோரியஸ் ஆயிற்று. கொல்லரைக் குறிக்கும் ஷ்மித், பப்ரிசியஸ் ஆயிற்று. தமிழ் அகராதி தொகுத்த பப்ரிசியஸ் பாதிரியாரை நாம் அறிவோம் அல்லவா?

நம் தொடையிலுள்ள, உடலிலேயே மிக நீளமான தசைக்கும் சர்தோரியஸ் என்றே பெயர். தையற்காரர் சம்மணமிட்டு அமர உதவும் தசை அது.

இலத்தீன் வடிவங்கள் அரியவை. ஜெர்மனியில் மிகுதியாக வழங்குபவை மியுல்லர் (மாவரைப்பவர்), ஷ்மித், ஷ்னைடர் என்ற தொழிற்பெயர்களே. ஆயினும் ஷ்னைடர் என்பவரைச் சட்டை தைக்கும்படி இன்று எவரும் கேட்பதில்லை. அங்கே தொழில் விலகிப் பெயர் மட்டும் நின்றது. இங்கோ பெயரின் பின்னொட்டு ஒருவரின் பிறப்பை அறிவித்தபடியே இருந்தது. அதனாலன்றோ 1929இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்தது!