பிரித்தானியா தாதியரைத் தேடிய கதை

1948 ஜூலை 5ஆம் திகதி பிரித்தானியாவில் தேசிய சுகாதார சேவை ஆரம்பமானது. எல்லோருக்கும் இலவச வைத்தியம். நல்ல திட்டம்தான். ஆனால் வேலை செய்ய ஆள் போதவில்லை. மிக மோசமான தட்டுப்பாடு உளநல வைத்தியசாலைகளில்.

நகரத்துக்கு வெளியே கட்டப்பட்ட பழைய பெரிய கட்டடங்கள் அவை. 1950களின் நடுப்பகுதியில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 150,000 பேர் அவற்றில் இருந்தார்கள். வார்டுகளில் நெரிசல், சம்பளம் குறைவு, நீண்ட நேர வேலை. போருக்குப் பின் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் வேறு தொழில் கிடைத்ததால் உள்ளூர்ப் பிள்ளைகள் இந்தப் பக்கம் வரவில்லை.

எனவே வெளியே ஆள் தேடினார்கள். முதலில் அயர்லாந்து, பிறகு கரீபியன் தீவுகள், மொரீஷியஸ், மலேசியா. நம் நாட்டிலிருந்தும் போனார்கள். தாதியாகப் பயிற்சி பெறலாம் என்ற கனவோடு போன பலரை, பேர்பெற்ற வைத்தியசாலைகள் எடுக்கவில்லை. அவர்களுக்குக் கிடைத்தது உளநல வார்டும் முதியோர் வார்டும்தான்.

அதைவிடப் பெரிய விஷயம் சான்றிதழ். அங்கே இரண்டு வகைப் பயிற்சி இருந்தது. மூன்று வருடம் படித்தால் பதிவுபெற்ற தாதி. இரண்டு வருடம் படித்தால் கீழ்நிலைத் தாதி. வெளிநாட்டுப் பிள்ளைகள் பலரை இரண்டாவதில் சேர்த்துவிட்டார்கள். அந்தச் சான்றிதழுடன் பதவி உயர்வு எட்டாது. சொந்த நாட்டுக்குத் திரும்பினால் பல இடங்களில் அதற்கு மதிப்பும் இல்லை. வித்தியாசத்தைப் பலர் விளங்கிக்கொண்டது கையெழுத்துப் போட்ட பிறகுதான். 1980களின் இறுதியில் அந்தக் கீழ்நிலைப் பயிற்சியையே நிறுத்த ஆரம்பித்தார்கள். உழைத்துக் களைத்தவர்கள் மேல்நிலைக்கு வர மீண்டும் படிக்க வேண்டியிருந்தது.

ஈனொக் பவல் என்ற அரசியல்வாதி 1960 முதல் 1963 வரை அங்கே சுகாதார அமைச்சர். அவர் காலத்திலும் வெளிநாட்டுத் தாதியர் வந்துகொண்டே இருந்தார்கள். அதே மனிதர் 1968 ஏப்ரலில் பர்மிங்ஹாமில் குடியேற்றத்துக்கு எதிராக ஆற்றிய உரை இன்றும் பேசப்படுகிறது. இரவு முழுக்க நோயாளியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகும் தாதி, காலைப் பத்திரிகையில் அதை வாசித்திருப்பார்.

பிறகு உலகம் கொஞ்சம் யோசித்தது. 2010இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு நடத்தைக் கோவையை ஏற்றுக்கொண்டது. சுகாதாரப் பணியாளர் கடுமையாகக் குறைந்த நாடுகளில் போய் ஆட்சேர்ப்புச் செய்யக் கூடாது என்பது அதன் சாரம். 2023ஆம் ஆண்டுப் பட்டியலில் 55 நாடுகள் உள்ளன. ஆனால் அந்தக் கோவை யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. தனிநபர் தானாக விண்ணப்பிப்பதை அது தடுப்பதும் இல்லை, தடுக்கவும் கூடாது.

நம் பக்கத்தையும் பார்ப்போம். தாதிய மாணவருக்கு அரசாங்கம் கொடுப்பனவும் தந்து இலவசமாகப் பயிற்சி அளிக்கிறது. அது நம் எல்லோருடைய வரிப்பணம். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் எத்தனையோ வைத்தியர்களும் தாதியரும் நாட்டை விட்டுப் போனார்கள். உளநலத் தாதி போனால் இழப்பு இரட்டிப்பு. காயத்துக்கு மருந்து கட்ட மொழி அவ்வளவு தேவையில்லை. ஆனால் "நெஞ்சு அடைக்குது, தூக்கமே வருதில்ல" என்று ஒரு உம்மா சொல்லும்போது, அதன் உள்ளே இருப்பதைப் பிடிக்க அவருடைய மொழி தெரிந்த ஆள் வேண்டும். அந்த இடத்துக்கு வேறு நாட்டிலிருந்து ஆள் எடுக்க நம்மிடம் பணமும் இல்லை, அந்த மொழியோடு வரும் ஆளும் இல்லை.

அதற்காக, போக நினைக்கும் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வீட்டுக் கடனை அடைக்க வேண்டியவருக்கு நாட்டுப்பற்றுப் பாடம் நடத்துவது நியாயமில்லை. இங்கேயே இருக்கக்கூடிய சம்பளமும் மரியாதையும் கொடுப்பது அரசாங்கத்தின் பொறுப்பு.

போகிறவர்கள் மூன்று விஷயங்களைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எந்தப் பதிவில், எந்தத் தரத்தில் வேலை? இடையில் விலகினால் எவ்வளவு பணம் திருப்பிக் கட்ட வேண்டும்? அந்தத் தகுதி இலங்கையில் செல்லுமா? பதில் வாயால் வந்தால் போதாது, எழுத்தில் வர வேண்டும். ஒப்பந்தத்தின் ஆங்கிலம் விளங்காவிட்டால் தெரிந்த ஆசிரியர் யாரிடமாவது கொண்டு போய் வரிவரியாக வாசியுங்கள். அன்று போனவர்களுக்கு அப்படி வாசித்துச் சொல்ல ஆள் இருக்கவில்லை.