வண்டியில் எழுதிய வரி

கல்விக்கூடங்களின் முகப்பில் ஒரு விளக்கோ தாமரையோ வடமொழித் தொடரோ இருக்கும். அதைக் காணும்போதெல்லாம், இது யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று கேட்டுக்கொள்வேன். இந்தக் கேள்வியை எனக்குத் தந்தது கல்கத்தாவின் ஒரு பள்ளி வண்டி.

1849 மே 7 அன்று ஜான் எலியட் டிரிங்க்வாட்டர் பெத்யூன் அங்கே 21 சிறுமிகளோடு ஒரு பள்ளியைத் தொடங்கினார். மதபோதனை கிடையாது, பாடங்கள் வங்க மொழியில். ஆனால் 'மரியாதைக்குரிய' இந்துக் குடும்பத்துப் பெண்களுக்கு மட்டுமே இடம். அந்த வீடுகளுமே அஞ்சின. தன் இரு மகள்களைச் சேர்த்த பண்டிதர் மதன்மோகன் தர்க்காலங்கார் ஊராரின் பகையைத் தேடிக்கொண்டார்.

1850 டிசம்பரில் பள்ளியின் செயலாளரானவர் ஈஸ்வர சந்திர வித்யாசாகர். சிறுமிகளை அழைத்துவரும் வண்டியின் இரு பக்கங்களிலும் மகாநிர்வாண தந்திரம் என்ற நூலின் ஒரு வரியை அவர் எழுதச் செய்தார். மகனைப் போலவே மகளையும் மிகுந்த அக்கறையோடு வளர்த்துக் கல்வி தர வேண்டும் என்பது அதன் பொருள். சாத்திரத்தைச் சொல்லித் தடுத்தவர்களுக்குச் சாத்திரத்திலிருந்தே பதில். அதன் துணிச்சலை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் வகுப்பில் இலக்கணம் நடத்துகிறவள் நான். வினைச்சொல்லைப் பார்க்காமல் இருக்க முடியாது. அந்த வரியில் பெண் வளர்க்கப்பட வேண்டியவள், கற்பிக்கப்பட வேண்டியவள். கற்பவள் அல்ல. மூலநூலில் அடுத்து வருவது, பொன்னும் மணியும் பூட்டி அவளைக் கற்றறிந்த மணமகனுக்குக் கொடுக்க வேண்டும் என்பது. படித்த பெண்ணே நல்ல மனைவி, நல்ல தாய் என்றுதான் அன்றைய பெண்கல்வி ஆதரவாளர்கள் பலரும் வாதாடினார்கள். வாசகமும் நோக்கமும் கச்சிதமாகப் பொருந்தின. வண்டிக்குள் உட்கார்ந்திருந்த சிறுமிக்கு வெளிப்புற எழுத்து தெரியாது. அது வீதியில் நின்ற தகப்பன்மாருக்கானது.

அந்தப் பொருத்தத்தை உடைத்தவர்கள் பெண்கள். 1878இல் அப்பள்ளியிலிருந்து காதம்பினி பாசு கல்கத்தா பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் வென்றார். கிறித்தவர் என்பதால் சந்திரமுகி பாசுவுக்கு முதலில் அங்கே இடமில்லை. பிறகு கதவு திறந்தது. 1883இல் இருவரும் பெத்யூன் கல்லூரியிலிருந்து பட்டம் பெற்றார்கள். காதம்பினி மருத்துவரானார். எந்த நிறுவனம் சந்திரமுகியை வெளியே நிறுத்தியதோ, அதன் கல்லூரிக்கே அவர் முதல்வரானார். இவ்வளவு தூரத்துக்கு அந்த வரி யாருக்கும் அனுமதி தந்திருக்கவில்லை.

தோழி, நாளை உன் கல்லூரி வாயிலில் ஒரு நிமிடம் நின்று பார். அங்கே எழுதியிருப்பதில் நீ எழுவாயா, செயப்படுபொருளா? எதுவானாலும் உள்ளே போ. வினையை நீ மாற்றிக்கொள்ளலாம்.