‘நிகழ்ந்ததாம்’ முதல் ‘நிகழ்ந்தது’ வரை: வார்ஹாமர் நாவல்களும் ஐயத்தின் வரலாறும்

இயன் வாட்சனின் முதல் நாவலான ‘தி எம்பெடிங்’ (1973), வாக்கியத்துக்குள் வாக்கியம் பொதியும் இலக்கண இயல்பையே கதைப்பொருளாகக் கொண்டது. மொழியியல் மாணவர்க்கு அது தனி ஈர்ப்புடைய நூல். அதே வாட்சன் 1990இல், கேம்ஸ் ஒர்க்ஷாப் என்னும் பிரித்தானிய நிறுவனத்தின் ‘வார்ஹாமர் 40,000’ விளையாட்டுலகை வைத்து ‘இன்குவிசிட்டர்’ என்ற நாவலை எழுதினார். விளையாட்டைச் சார்ந்த நாவல்களை ஆய்வுக்கு உரியனவாகக் கருதாத நம் துறையினர் இதனைக் கவனித்தல் நன்று.

1987இல் வெளிவந்த இவ்விளையாட்டின் களம் ஒரு கொடுங்கனவுலகம். அரியணையில் நடைப்பிணமாய்க் கிடக்கும் பேரரசன். அவனுக்கு நாள்தோறும் உயிர்ப்பலி. அறியாமையையே அறமாகப் போற்றும் ஆட்சி. இவ்வுலகின் மூலத்தொன்மமான ஹோரஸ் கலகம் 1988இல் ‘அடெப்டஸ் டைட்டானிக்கஸ்’ விளையாட்டின் வழியே உருப்பெற்றது. அதற்குக் காரணம் சிக்கனம். பெட்டியில் இரு தரப்புக்கும் ஒரே வகைப் பேரியந்திர உருவங்களே இருந்தன. ஒரே படை தன்னோடு தானே மோத வேண்டுமெனில் உள்நாட்டுப் போர் ஒன்று தேவை.

பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய செய்தியாகவே விளையாட்டு நூல்கள் நெடுங்காலம் அக்கலகத்தைக் கூறிவந்தன. தமிழிலக்கண நோக்கில் சொன்னால், அக்கூற்றின் முடிபு ‘நிகழ்ந்தது’ என்பதன்று, ‘நிகழ்ந்ததாம்’ என்பதே. ‘ஆம்’ என்னும் அவ்விடைச்சொல், செய்தியின் மெய்ம்மைக்குத் தான் பொறுப்பன்று எனச் சொல்வோன் விலகி நிற்பதைக் காட்டும். பொய்யால் ஆளும் பேரரசின் வரலாற்றைச் சொல்ல இதனினும் பொருத்தமான நடை வேறில்லை. அங்கதம் குடியிருந்ததும் அந்த ஐயத்தில்தான். வாட்சனின் நாவலும் ஒரு விசாரணையாளனின் ஒப்புதல் ஆவணமாகவே முன்வைக்கப்படுகிறது. அதனை நம்புவதும் நம்பாததும் வாசகர் பொறுப்பு.

2006இல் டான் அப்னெட்டின் ‘ஹோரஸ் ரைசிங்’ நாவலோடு நிலை மாறத் தொடங்கியது. கலகத் தொடர் 2019க்குள் 54 நூல்களாக வளர்ந்தது; அதன் இறுதிப்பகுதியான டெர்ரா முற்றுகைத் தொடர் 2024இல் முடிவுற்றது. யார் எங்கே நின்றார், யாரிடம் என்ன பேசினார் என்பதனைத்தும் உறுதிப்பட்டன. ‘ஆம்’ உதிர்ந்தது. முதல் நாவல் இச்சிக்கலை அறியாததன்று: படையெடுப்பைப் பதிவுசெய்ய வந்த கலைஞர்களையும் அவர்களுக்கு எழும் தடைகளையும் அது கதைக்குள்ளேயே காட்டுகிறது. ஆயினும், நாவலுக்கு நாயகன் வேண்டும். நாயகனுக்குப் பரிவு வேண்டும். வெறுக்கத்தக்க பேரரசின் வீரன் மெல்ல மெல்ல நேசத்துக்குரியவனாகிறான்.

2021 நவம்பரில், ஸ்பெயினில் நடந்த ஒரு போட்டியில் நாஜிச் சின்னங்களோடு ஒருவர் பங்கேற்றதை அடுத்து, அப்பேரரசு போற்றுதற்குரியதன்று, தம் படைப்பு அங்கதமே என்று நிறுவனம் அறிக்கை வெளியிட்டது. இதற்கு நாவல்களே காரணம் என்பது மிகைக்கூற்றாகும். எனினும், அங்கதத்தை அறிக்கையால் நினைவூட்ட வேண்டிய நிலை எவ்வாறு உருவானது என்ற வினாவுக்கு, அந்நாவல்களின் எடுத்துரைப்பு நடையிலும் விடை தேட வேண்டும்.

வணிகத்துக்காக எழுதப்பட்டவை என்ற ஒன்றே இவற்றை ஒதுக்கப் போதிய காரணமாகாது. ஒரு தொன்மம் ஐயத்தை இழந்து வரலாறாக உறையும் நிகழ்வு, நம் காலத்திலேயே, பதிப்பாண்டுகளோடு நமக்குக் கிடைத்திருக்கிறது. மெய்யுலகத் தொன்மங்களை ஆய்வோருக்கு இத்தகைய சான்று எளிதில் வாய்ப்பதில்லை.